செகண்ட் ஹேண்ட் போலோ ஜிடி டிஎஸ்ஐ: வாங்குவது முதல் மாடிஃபை செய்வது வரை முழுமையான வழிகாட்டி

நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் எட்டாத பட்ஜெட்டில் வேகமான வண்டி தேடுகிறவர்கள் நம்மூரில் பெரும்பாலும் வந்து சேரும் இடம் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. வாங்கிய வாரமே ரீமேப் (பவர் கூட்ட என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்துவிட்டு, சில மாதத்தில் கியர்பாக்ஸுக்குப் பணம் புரட்ட அலைகிறவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் போட்ட பாகங்கள் பெரும்பாலும் நல்லவைதான். செய்த வரிசைதான் தலைகீழ். கீழே உள்ளதை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

## 1. பணத்தை முதலில் பிரித்து வையுங்கள்

கையில் இருக்கும் மொத்தப் பணத்துக்கும் வண்டி பார்க்காதீர்கள். மூன்று பங்கு வேண்டும்: வண்டியின் விலை, வண்டியை ஒழுங்குக்குக் கொண்டுவரும் செலவு, மாடிஃபிகேஷன்.

இரண்டாவது பங்கைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இந்த வண்டியின் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸில், கியரையும் கிளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். அந்தத் தொகை தனியாக இல்லையென்றால் டிஎஸ்ஜி வண்டியைத் தொடாதீர்கள். மேனுவல் பக்கம் போங்கள். மூன்றாவது பங்கு இப்போதைக்குப் பூஜ்யமாக இருந்தாலும் பரவாயில்லை.

## 2. எந்த வருடம், எந்த என்ஜின்

2013-ல் வந்த ஜிடி டிஎஸ்ஐ-யில் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின். 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), 7 ஸ்பீட் டிஎஸ்ஜி. 2020-ல் பிஎஸ்6 மாசு விதி வந்தபோது 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் என்ஜின், 110 பிஎஸ், சாதாரண டார்க் கன்வர்ட்டர் 6 ஸ்பீட் ஆட்டோமேட்டிக் என்று மாறியது. இதே 1.0 என்ஜின் ஜிடி பெயர் இல்லாத போலோ வகைகளில் 6 ஸ்பீட் மேனுவலோடும் விற்றது. 2022-ல் இந்தியாவில் போலோ தயாரிப்பே நின்றது.

தினமும் ஓ.எம்.ஆர். நெரிசலில் நின்று நின்று போகிறவருக்கு நான் 1.0 மேனுவலைத்தான் சொல்வேன். டிஎஸ்ஜி-யின் கியர் மாற்றம் தரும் சுகம் வேறு எதிலும் இல்லை என்பது உண்மை. ஆனால் அதில் இருப்பது எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். பிரேக்கைப் பாதி விட்டு ஊர்ந்துகொண்டே போகும் ஒவ்வொரு சிக்னலிலும் அது தேய்கிறது. பைபாஸில் ஓடிய வண்டிக்கும் நகரத்துக்குள் ஓடிய வண்டிக்கும் ஓடோமீட்டரில் ஒரே எண் இருக்கலாம், கிளட்ச் ஒன்றாக இருக்காது.

## 3. வண்டியைப் பார்க்கும் முன் காகிதம்

பார்த்துவிட்டால் மனசு ஒட்டிக்கொள்ளும். அதனால் வண்டி நம்பரை முதலில் வாங்கி, எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், எந்த மாத ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் ஓடுகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். நிலுவையில் உள்ள இ-செலானையும் பாருங்கள். வண்டியை எப்படி ஓட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

ஆர்சி-யில் ஃபைனான்ஸ் பதிவு இருந்தால், கடன் அடைத்துவிட்டேன் என்ற வாய்ச்சொல் போதாது. பேங்க் என்ஓசி-யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), ஆர்சி-யிலிருந்து கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-ம் கையில் வர வேண்டும்.

பெங்களூரு வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். அங்கிருந்து என்ஓசி எடுத்து (ஃபார்ம் 28), இங்கே லைஃப் டாக்ஸ் கட்டி, ரீ-ரிஜிஸ்ட்ரேஷன் முடிக்கும் செலவையும் அலைச்சலையும் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள். பல நேரம் வித்தியாசம் கரைந்துவிடும்.

சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். "வெளியில நம்ம மெக்கானிக்கிட்டதான் சார் விட்டேன்" என்றால் பில்லாவது இருக்க வேண்டும். இரண்டு சாவியும் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

## 4. குளிர்ந்த என்ஜினோடு பாருங்கள்

காலையில் போங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒரு சத்தத்தை மறைக்கத்தான் முன்கூட்டி ஓட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த என்ஜின் சொல்லும் உண்மையைச் சூடான என்ஜின் சொல்லாது.

ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் டேங்க்கைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நிறம் இருக்க வேண்டும். பச்சையாகவோ, நிறமே இல்லாமலோ இருந்தால் யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள். ஏன் ஊற்ற வேண்டி வந்தது என்பதுதான் கேள்வி. பழுப்பாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம்.

பிறகு ஸ்டார்ட் செய்து, பானெட் திறந்தபடி காதைக் கொடுங்கள். முதல் சில வினாடிகளில் வரும் கடகடப்பு, ஐடிலில் நடுக்கம், சைலன்சரில் நீலப் புகை, இந்த மூன்றில் எது வந்தாலும் பேரம் பேச வேண்டாம், மெக்கானிக்கோடு மறுபடி வாருங்கள்.

சென்னை வண்டி என்றால் வெள்ளச் சோதனை கட்டாயம். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் சுத்தம் செய்யப்பட்டுச் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு வெளியே இழுங்கள். வாட்டர் சர்வீஸில் எல்லாவற்றையும் கழுவுவார்கள், சுருளுக்குள் இருக்கும் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக் கோடு இருந்தால் முடிந்தது கதை. முன் சீட்டுக்கு அடியில் ரெயில் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் ஈரம் ஆகியவற்றையும் பாருங்கள்.

டிங்கரிங் வேலை நடந்திருக்கிறதா என்று தெரிய, சாயும் வெயிலில் வண்டியின் பக்கவாட்டை நீளவாக்கில் பாருங்கள். பட்டி பூசிய இடம் அலையாகத் தெரியும். கதவு, ஃபெண்டர், பானெட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் அந்தப் பாகம் ஒருமுறை கழன்றிருக்கிறது.

## 5. டிஎஸ்ஜி-யை ஓட்டிச் சோதிக்கும் முறை

வழக்கமான டெஸ்ட் டிரைவ் ஒரு காலி ரோட்டில் ஒரு மிதி மிதித்துவிட்டு முடிந்துவிடும். டர்போ இழுத்ததும் சிரிப்பு வரும், டோக்கன் அட்வான்ஸ் கைமாறும். ஆனால் டிகியூ200 என்ற இந்த கியர்பாக்ஸின் நோய் முழு வேகத்தில் வெளிப்படாது. ஊர்ந்து போகும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

உள்ளே இரண்டு கிளட்ச். 1, 3, 5, 7 ஒரு கிளட்சில். 2, 4, 6-ம் ரிவர்சும் மற்றதில். ஆகவே இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் குறைந்தது அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டுங்கள். கியர்பாக்ஸ் நன்றாகச் சூடாக வேண்டும். பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் மெல்ல விடுங்கள். வண்டி வழுக்கியதுபோல் நகர வேண்டும். உடல் குலுங்கினால் முதல் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. 1-லிருந்து 2-க்கு மிக மெதுவாக மாற விட்டு, திரும்ப 2-லிருந்து 1-க்கு இறங்க விடுங்கள். தட்டும் உதறலும் இருக்கக் கூடாது.

அடுத்து ஏதாவது அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவைத் தேடி, ரிவர்சில் மேலே ஏற்றுங்கள். இரண்டாவது கிளட்சின் நிலை அதில் தெரியும். இதைச் செய்ய விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் காரணம் அவருக்குத் தெரியும்.

மீட்டரில் கியர் எழுத்துகள் மின்னுவது, ஒற்றைப்படை கியர்கள் மட்டும் அல்லது இரட்டைப்படை கியர்கள் மட்டும் விழாமல் போவது இரண்டும் மெக்கட்ரானிக் பக்கம் கை காட்டும் அறிகுறிகள். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும் சார்" என்ற வாக்கியத்தைக் கேட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஓட்டும்போதே ஏசி-யை முழுதாக வைத்து, கண்ணாடியை இறக்கி, பழுதான ரோட்டில் சஸ்பென்ஷன் சத்தத்தையும் கேட்டுவிடுங்கள். முன்பக்கம் கடக் கடக் என்றால் பெரும்பாலும் ஸ்ட்ரட் மவுன்ட் அல்லது புஷ் என்ற ரப்பர் பாகங்கள். அது சின்னச் செலவு, பேரத்துக்குப் பயன்படும்.

## 6. ஸ்கேன் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்

ஃபோக்ஸ்வாகன் வண்டிகளை முழுதாகப் படிக்கும் ஓபிடிலெவன் அல்லது விசிடிஎஸ் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொதுவான ஓபிடி டாங்கிள் என்ஜின் பழுதுக் கோடுகளை (ஃபால்ட் கோட்) மட்டும்தான் பெரும்பாலும் படிக்கும். கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக் மாட்யூல்களை எல்லாம் படிக்காது.

பழுதுக் கோடு இருப்பதைவிடச் சந்தேகப்பட வேண்டியது, இத்தனை வயதான வண்டியில் ஒரு கோடு கூட இல்லாமல் பளிச்சென்று இருப்பது. காலையில் யாரோ அழித்திருக்கலாம். அதனால் ஸ்கேனை டெஸ்ட் டிரைவ் முடிந்த பிறகு ஒருமுறை மறுபடி செய்யுங்கள்.

கோடு இருந்தால் அதன் விவரத்தைத் திறந்து பாருங்கள். அது பதிவானபோது வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர் பல மாட்யூல்களில் சேர்ந்தே பதிவாகியிருக்கும். மீட்டரில் 62,000 காட்டும் வண்டியில், 91,000 கி.மீ.யில் விழுந்த கோடு ஒன்று இருந்தால் வேறு விசாரணை தேவையில்லை.

## 7. ஏற்கனவே மாடிஃபை செய்த வண்டி என்றால்

விலை கவர்ச்சியாக இருக்கும். விற்பவர் போட்ட பாகங்களின் பட்டியலை வாசிப்பார். நீங்கள் அந்தப் பட்டியலை வண்டி பட்ட பாட்டின் கணக்காக வாசியுங்கள். ஸ்டேஜ் 2 ரீமேப் (பாகங்களையும் மாற்றிச் செய்யும் பெரிய ரீமேப்) செய்தவர் அதைப் பயன்படுத்தாமல் விட்டிருக்க மாட்டார்.

கேட்க வேண்டியவை: ரீமேப் செய்தவர் யார், பில் எங்கே, பழைய ஒரிஜினல் ஃபைல் (என்ஜின் மென்பொருள்) திரும்பப் போட முடியுமா, கழற்றிய ஸ்டாக் பாகங்கள் (கம்பெனியில் வந்தவை) இருக்கின்றனவா. சைலன்சர், ஸ்பிரிங், ஏர் பாக்ஸ் ஆகியவற்றின் ஒரிஜினல் பாகங்கள் இல்லாமல் வாங்கினால், பின்னால் அவற்றைத் தேடி, பழைய பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் அலைய வேண்டிவரும்.

பொதுவாக நான் சொல்வது: ஸ்டாக் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

## 8. பேர் மாற்றமும் இன்சூரன்சும்

பேர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 கையெழுத்தானதும் பேர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வாங்கியவருக்குச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். இன்சூரன்சை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள். மாற்றாமல் விட்டால் மூன்றாம் நபர் பாதுகாப்பு தொடரும், உங்கள் வண்டிக்கான சேதத்துக்குக் கிளெய்ம் கிடைக்காது. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான பிரீமியம் தள்ளுபடி) விற்றவரோடு போய்விடும். அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். புரோக்கர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

## 9. மாடிஃபிகேஷனுக்கு முன் வண்டியை ஒழுங்கு செய்யுங்கள்

என்ஜின் ஆயில், ஃபில்டர்கள், ஸ்பார்க் பிளக், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட் எல்லாவற்றையும் விற்றவர் நேற்று மாற்றியதாகச் சொன்னாலும் மாற்றுங்கள். ஆயிலைப் பொறுத்தவரை கிரேடு மட்டும் பார்க்காமல், வண்டிக் கையேட்டில் ஃபோக்ஸ்வாகன் குறிப்பிடும் தர எண் டப்பாவின் பின்பக்கம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

டிஎஸ்ஐ என்ஜின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. இன்டேக் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. நாளடைவில் கரி படியும். நிறைய ஓடிய வண்டியில் ஐடில் ஒழுங்கில்லாமல் இருந்தால் வால்வுகளை ஒருமுறை பார்த்துச் சுத்தம் செய்வது, எந்தக் கோல்ட் ஏர் இன்டேக்கையும்விட (குளிர்ந்த காற்றை என்ஜினுக்கு இழுக்கும் பாகம்) அதிகப் பலன் தரும்.

இதெல்லாம் முடிந்தபின் ஒரு மாதமாவது ஸ்டாக்காக ஓட்டுங்கள். காரணம் எளிமையானது. பாகம் மாட்டியபின் ஒரு சத்தம் வந்தால், அது முன்பே இருந்ததா, புதிதா என்று தெரிய வேண்டும். இதே காரணத்துக்காக ஒரே நாளில் இரண்டு பாகங்களை மாற்றாதீர்கள்.

## 10. சட்டம் எங்கே கோடு போடுகிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நடைமுறையில் பிரேக் பேட், நல்ல டயர், அதே அளவு ஷாக் அப்சார்பர் போன்றவை தேய்ந்த பாகத்துக்குப் பதில் போடுபவை. சத்தமான சைலன்சர், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுப்பது, நிறம் மாற்றிவிட்டு ஆர்சி-யில் ஏற்றாமல் இருப்பது மூன்றும் நேராகச் சிக்கலில் கொண்டுபோய் விடும். கன்வர்ட்டர் இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை இறங்கும் குழாய்) போட்டால் செக் என்ஜின் விளக்கும் எரியும், புகைச் சான்றிதழும் தகராறாகும்.

ரீமேப் வெளியே தெரியாது என்பதால் அனுமதி என்று அர்த்தமில்லை. எதைச் செய்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில்தான் வெளியே வரும்.

## 11. டயரும் வீலும்

முதல் பணம் இங்கேதான் போக வேண்டும். வண்டி ரோட்டைத் தொடுவது நான்கு இடத்தில் மட்டும். இங்கே பிடி இல்லையென்றால் பிரேக்குக்கும் பவருக்கும் கொடுத்த பணம் வீண்.

15 இஞ்ச் வீலோடு வந்த வண்டியில் 185/60 ஆர்15 டயர் இருக்கும். வெளி விட்டம் 603 மி.மீ. கணக்கு இப்படி: 185-ல் 60 சதவீதம் 111, அதை இரட்டித்து, 15 இஞ்சான 381 மி.மீ.யோடு கூட்டுங்கள். 195/55 ஆர்15 போட்டால் 595.5, வித்தியாசம் ஒன்றேகால் சதவீதம்தான். விட்டம் இரண்டு சதவீதத்துக்கு மேல் மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், ஆர்ச்சில் உரசும்.

அலாய் மாற்றுவதானால் போலோவின் பிசிடி (போல்ட் எண்ணிக்கையும் அவை அமையும் வட்டத்தின் விட்டமும்) 5x100, சென்டர் போர் (வீலின் நடுத்துளை) 57.1 மி.மீ. கடைகளில் கிடைக்கும் அலாய்களில் நடுத்துளை பெரிதாக இருக்கும், 57.1-க்குக் குறைக்கும் ஹப் ரிங் போடாவிட்டால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் போகாது.

இன்னொன்று, உயிர் போகிற விஷயம். போலோவின் ஒரிஜினல் வீல் போல்ட்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைக்குக் கீழே அது வீலில் உட்காரும் பகுதி பந்துபோல் உருண்டையாக இருக்கும். வெளிக் கம்பெனி அலாய்களில் பெரும்பாலும் அந்த இருக்கை கூம்பு வடிவம். உருண்டைப் போல்ட்டைக் கூம்புத் துளையில் முறுக்கினால் இறுகியதுபோலவே தோன்றும். தொடுவது ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும், ஓட ஓடத் தளரும். வீலோடு சேர்த்து அதற்குரிய போல்ட்டையும் வாங்குங்கள். ஏர் கன்னால் முடுக்க விடாமல் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து, சுமார் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

## 12. பிரேக்

பெரிய டிஸ்க் கிட் வேண்டாம். முன்பக்கம் நல்ல பேட், தேய்ந்திருந்தால் புது டிஸ்க், புது டாட் 4 ஃப்ளூயிட் போதும். ரேஸ் பேடுகளைத் தெருவில் போடாதீர்கள். சூடு ஏறாமல் அவை கடிக்காது.

## 13. சஸ்பென்ஷன்

தேய்ந்த ஷாக் அப்சார்பர் மேல் லோயரிங் ஸ்பிரிங் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஸ்பிரிங் கடினமாகும்போது அதை அடக்க வேண்டியது ஷாக். பழைய ஷாக்கால் முடியாது. வண்டி குதித்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், கூடவே ஸ்ட்ரட் மவுன்டும். எப்படியும் பிரிக்கிறார்கள், கூலி ஒன்றுதான்.

எவ்வளவு இறக்குவது? ஸ்டாக்கில் தரை இடைவெளி சுமார் 165 மி.மீ. நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களை அளந்து கட்டுவதில்லை. நான்கு பேர் ஏறிய நிலையில் உங்கள் தெருமுனை பிரேக்கரைத் தாண்ட முடிய வேண்டும், அதுதான் எல்லை. மாற்றியபின் வீல் அலைன்மென்ட் கட்டாயம், சில நாள் ஓட்டி ஸ்பிரிங் அமர்ந்தபின் இன்னொரு முறை.

## 14. பவர்: கடைசியில்

டர்போ வண்டிக்கு, பாகம் எதையும் மாற்றாமல் செய்யும் ஸ்டேஜ் 1 ரீமேப் ஒன்றே போதும். இன்டேக் தனியாகப் போட்டால் சத்தம்தான் கூடும்.

ரீமேப் செய்யும் டியூனரிடம் எல்லோரும் எத்தனை பிஎஸ் என்று கேட்கிறார்கள். நீங்கள் டார்க் எவ்வளவு, எந்த ஆர்பிஎம்-ல் என்று கேளுங்கள். டிகியூ200 தாங்கும் உச்சம் 250 நியூட்டன் மீட்டர். தேய்ந்த கிளட்ச் அதற்கு முன்பே வழுக்கும். அந்த எண்ணை ஒட்டிப் போகும் ஃபைலையும், கீழ் ஆர்பிஎம்-லேயே மொத்த டார்க்கையும் கொட்டும் ஃபைலையும் தவிர்த்து, மெதுவாக ஏறும்படி கேட்டு வாங்குங்கள். மிதித்ததும் முதுகில் விழும் அடி குறையும், கியர்பாக்ஸ் பிழைக்கும்.

எந்தப் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைல் என்பது அடுத்த கேள்வி. உயர் ஆக்டேன் ஃபைலைப் போட்டுவிட்டு, தேனி போகும் வழியில் கிடைத்த பங்க்கில் சாதாரண பெட்ரோல் ஊற்றினால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து என்ஜின் தட்டுவது) வரும். தினமும் உங்களுக்குக் கிடைக்கும் பெட்ரோலுக்கு எழுதச் சொல்லுங்கள். ரீமேப்புக்கு முன் புது ஸ்பார்க் பிளக். பழைய இக்னிஷன் காயில் இருந்தால் அதையும் சோதியுங்கள்.

ஒரிஜினல் ஃபைலின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை மறுபடி ஏற்றக் கூலி உண்டா என்பதைப் பணம் கொடுக்கும் முன் பேசுங்கள். போட்ட அன்றே டியூனரை அருகில் உட்காரவைத்து, மூன்றாம் கியரில் கீழிருந்து மேல்வரை இழுத்து, பூஸ்ட், இக்னிஷன் டைமிங், இன்டேக் வெப்பம் மூன்றையும் லாக் எடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் டைமிங் பின்வாங்கினால் அந்த ஃபைல் உங்கள் வண்டிக்கு அதிகம். அங்கேயே குறைக்கச் சொல்லுங்கள்.

அந்த வேகத்தைப் பார்க்க ஆசை வந்தால் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் டிராக் டே நடக்கும்போது பதிவு செய்யுங்கள். ஹெல்மெட் எடுத்துப்போங்கள். சில சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக. பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல் பார்க்கில் (மேனுவல் என்றால் கியரில்) விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பின் டிரம் கொதித்துக்கொண்டிருக்கும்.